வாத்துப் படம் போட்ட கொசுவலை

வியாழக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

கனிமொழி எழுதிக்கொள்வது. அம்மா நலம், தம்பி நலம். கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது, அவையும் நலம். நான் மட்டும் பயத்தில் இருக்கிறேன். ஏன் என்று கீழே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள். நடுவில் நிறுத்திக் கோபப்பட்டால் பாதிக் கதைக்குத்தான் கோபப்பட்டிருப்பீர்கள்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் இருப்பது ஒரு போன். அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், நீங்கள் பேசுவது பக்கத்து வீட்டுக்கே கேட்கும். அதனால்தான் சமூக அறிவியல் நோட்டின் கடைசித் தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். அடுத்த வாரம் முழு ஆண்டுத் தேர்வு, நான் படிக்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் சத்தமாக ஒரு வரி படிக்கிறேன். இதுவரை பிரெஞ்சுப் புரட்சி மூன்று முறை தொடங்கிவிட்டது.

விடியற்காலை நான்கு மணிக்கு மாதையன் மாமாவின் தக்காளி லாரி கிளம்பும். பெங்களூர் மார்க்கெட்டில் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் சைக்கிள் கேட்டு எழுதுகிறேன் என்று அவருக்கு நினைப்பு. "கியர் வெச்சதா கேளு கண்ணு, கேக்கறதுதான் கேக்கற"ன்னு யோசனை வேறு சொன்னார்.

சரி, சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆட்டுக்குட்டியைப் பற்றியே நான்கு பக்கம் போய்விடும். போன வருடம் ஏரியில் அகப்பட்ட கொசுவலையை நீங்கள் கொண்டுபோகவில்லை. அது உங்களுக்குத் தெரியும். கொண்டுபோனது நான். அது உங்களுக்குத் தெரியாது.

எழுதிவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஏரி வற்றும்போது மீன் பிடிக்கும் நாளில் உச்சி வேளை வரைக்கும் கை மட்டும்தான், உச்சிக்குப் பிறகுதான் வலை. வலை இல்லாத வீட்டுக் குழம்பிலும் மீன் மிதக்க வேண்டும் என்பதற்காக வைத்த வழக்கம் என்று என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னதே நீங்கள்தான். கையால் பெரிய மீன் பிடித்தவருக்குச் சிவப்புத் துண்டு போட்டு, முதல் வலையை அவர் கையால் வீசச் சொல்வார்கள். நான்கு வருடமாக அந்தத் துண்டு நம் வீட்டுக் கொடியில்தான் காய்ந்தது. இவ்வளவும் தெரிந்துதான் நான் அதைச் செய்தேன். ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை அப்பா. பாட்டிலில் வளர்க்கக் குட்டிக் கெண்டை நாலு பிடிக்கலாம் என்று தம்பியின் குடைக் கொசுவலையிலிருந்து துணியை மட்டும் கழற்றிப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான்.

மதகுக்குப் பக்கத்தில் நீங்கள் அந்த விராலை மடக்கியபோது கூடையோடு உங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு கைகளையும் அகல விரித்து, சேற்றோடு சேர்த்து, மெதுவாக நெருக்கிக்கொண்டு போனீர்கள். ஒரு முறை வழுக்கியது. இரண்டாம் முறையும் வழுக்கியது. அந்தப் பக்கம் காளியப்பன் மாமா முதலை மாதிரி வந்துகொண்டிருந்தார். மூன்றாம் முறை மீன் உங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து நேராக என்னைப் பார்த்து வந்தது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வலையை எடுத்துத் தண்ணீருக்குள் விரித்துவிட்டேன். மீன் அதில் முட்டி, திரும்பி, உங்கள் கைக்கே போய்விட்டது. செவுளில் பெருவிரலைக் கொடுத்து நீங்கள் அதைத் தூக்கியபோது ஏரி முழுவதும் கத்தியது. நானும் கத்தினேன். கத்தும்போது வலையை விட்டுவிட்டேன். அது ஏதோ கட்டையில் மாட்டிக் கிழிந்து சேற்றுக்குள் போய்விட்டது.

அது வலை மீனா, கை மீனா என்று இந்த வருடம் முழுவதும் யோசித்தேன். சுசித்ரா டீச்சரிடம், ஒரு ஊரில் ஒரு ஆள் என்று கதைபோலச் சொல்லிக் கேட்டேன். அவர், "தடுத்தது வலை, பிடிச்சது கை. பரீட்சையில வந்தா பாதி மார்க் போடுவேன்" என்றார்.

மத்தியானம் பெரிய வலையை இழுத்தபோது மீனோடு நீலக் கொசுவலையும் மேலே வந்தது. மஞ்சள் வாத்துப் படம் போட்டது. மெம்பர் குள்ளம்மாள் அத்தை அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "யாரு வூட்டு வாத்துப்பா இது? மதகுகிட்ட மேஞ்சிருக்குது"ன்னு கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். காளியப்பன் மாமா, "மதகுகிட்ட நின்னது ஒரே ஆளுதான்" என்றார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. உங்கள் தோளிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்துக் காளியப்பன் மாமாவுக்குப் போட்டார்கள். நீங்கள் சத்தியம் செய்தீர்கள். நான் கூடைக்குப் பின்னால் நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஊர் நம்பாதது உங்களுக்குப் பெரிதில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "வாத்து நம்ம புள்ளையோடதுதான? வேற யாரு எடுத்திருப்பா?" என்று கேட்டாள். நீங்கள், "நீயுமா நிர்மலா?" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எதையும் சொல்ல முடியவில்லை. மறுநாள் பத்து நாள் வேலை என்று மாதையன் மாமா லாரியில் ஏறினீர்கள். இப்போது பதினோரு மாதம் ஆகிறது. தீபாவளிக்குத் துணி வந்தது. பொங்கலுக்குக் கரும்புக்குப் பணம் வந்தது. நீங்கள் வரவில்லை.

இனி இந்த வாரத்துக் கதை. வரும் ஞாயிற்றுக்கிழமை ஏரி. செவ்வாய்க்கிழமை குள்ளம்மாள் அத்தை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நம் வாசலில் நின்று, "ஊர்ல பேசிட்டாங்க நிர்மலா. ஒங்க வூட்டு ஆளுங்க உச்சி வரைக்கும் கரையிலயே நிக்கணும்" என்றார். அம்மா சும்மா விடவில்லை. "எங்க வூட்டு ஆளு பெங்களூர்ல இருக்காரு. அங்கயிருந்து கைய நீட்டியா புடிப்பாரு? அவ்வளோ நீளக் கைன்னா மொதல்ல ஒங்க வாயத்தான் பொத்துவாரு"ன்னு சொன்னாள். அத்தை போன பிறகு, கழுவி வைத்திருந்த அண்டாவை அம்மா மறுபடியும் கழுவினாள். பிறகு இன்னொரு முறையும் கழுவினாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. உச்சிக்குப் பிறகாவது இறங்கி, எல்லோரும் பார்க்க நானே கையால் ஒரு பெரிய மீனைப் பிடித்துக் காட்டினால் நம் வீட்டின் பெயர் திரும்பிவிடும் இல்லையா? புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வாய்க்கால் குட்டையில் இறங்கிப் பழகினேன். தவளை இரண்டு பிடித்தேன். யாரோ தொலைத்த செருப்பு ஒன்று. கடைசியாகக் கெளுத்தி ஒன்று கிடைத்தது. நீங்கள் சொல்லிக்கொடுத்ததை மறந்து நடு முதுகில் பிடித்துவிட்டேன். முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே முள்ளைப் பிடுங்கினேன். பிடுங்கும்போதுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் பத்து மீன் பிடித்தாலும் போன வருட மீன் அப்படியேதான் இருக்கும். அது உங்கள் தலையில்தான் இருக்கும். (அம்மாவிடம் காம்பஸ் குத்திவிட்டது என்று சொன்னேன். இந்தப் பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.)

அதனால் இன்று சாயங்காலம் குள்ளம்மாள் அத்தை வீட்டுக்குப் போனேன். ஊரில் எல்லோரையும்விட எனக்கு அவரிடம்தான் பயம். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது அவர் வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "வாத்த மேச்சது நீயாடி?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மாடு தவிட்டைக் கவிழ்த்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரு வருசமா இத வயித்துலயே வெச்சிருந்தியா?" என்று கேட்டார். அப்போது நான் அழுதேன். அவருக்கு அழுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. தவிட்டுக் கையாலேயே தலையைத் தடவினார். இப்போதும் முடியில் தவிடு இருக்கிறது.

ஆனால் தீர்ப்பில் இளக்கம் காட்டவில்லை. "எங்கிட்டச் சொன்னா ஆவாது. ஊரு முன்னாடி துண்ட எடுத்தோம், ஊரு முன்னாடிதான் குடுக்கணும். ஞாயித்துக்கெழம நான் விசில் ஊதறதுக்கு முன்ன மதகுப் படியில ஏறி நின்னு, இப்ப சொன்ன மாதிரியே சொல்லு. கண்ண மூடிக்கினு சொன்னாலும் சரி" என்றார். காளியப்பன் மாமா ஒத்துக்கொள்வாரா என்று கேட்டேன். "அவன் கெடக்கறான். ஒரு வருசமா அந்தத் துண்ட பெருமைக்குப் போட்டுக்கினு திரிஞ்சு நூல் நூலா ஆக்கிட்டான். நான் புதுத் துண்டு வாங்கி வெக்கறன்" என்றார். எனக்குத் தண்டனை, உச்சி வரைக்கும் கரையில் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளின் செருப்பைக் காவல் காக்க வேண்டும். ஒத்துக்கொண்டேன்.

நான் கிளம்பும்போது, "ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "ஒங்கப்பனுக்கு?" அதுவும் தெரியாது என்றேன். "அடிப் பாவி" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டிடம் போய்விட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். மதகில் நின்று ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அம்மாவை இப்போதே எழுப்பிச் சொல்லலாம். அவள் எதிரில் ஆறு அடி தூரத்தில்தான் படுத்திருக்கிறாள். ஆனால் அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை அப்பா. அடிப்பாள் என்பதற்காக இல்லை. அடித்தால் வலிக்கும், போய்விடும். உங்களை நம்பாமல் பதினோரு மாதம் இருந்துவிட்டோமே என்று அவளுக்குத் தெரியவரும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ராத்திரி எட்டு மணிக்குப் பேசும்போது தக்காளி விலை, கேஸ் சிலிண்டர், தம்பிக்கு ஊசி, இவ்வளவுதான் பேசுவாள் இல்லையா? ஆனால் ஏழரைக்கே போனை சார்ஜிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். நீங்கள் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பாள். போன வாரம், நீங்கள் ஏரிக்குப் போட்டுக்கொள்ளும் காக்கி அரைக்கால் சட்டையை எடுத்துத் துவைத்து, பட்டன் தைத்து, மடித்து வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. தம்பிக்கு அது சேராது, எனக்கும் சேராது.

தம்பி இப்போது நடக்கிறான். மீன் படத்தைக் காட்டினால் "ப்பா" என்கிறான். நாங்கள் யாரும் சொல்லித்தரவில்லை.

அப்பா, நீங்கள் இதை வெள்ளிக்கிழமை காலையில் படிப்பீர்கள். சனிக்கிழமை ஏறினால் சாயங்காலத்துக்குள் பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கிவிடலாம். கோபம் இருந்தால் கோபத்தோடேயே வாருங்கள், பஸ்ஸில் அதற்குத் தனி டிக்கெட் இல்லை. என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, அதை வந்து சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதகுப் படியில் நான் ஏறும்போது எனக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டாம். நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். நீங்கள் கரையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

வழியில் எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,

உங்கள் மகள்
மு. கனிமொழி
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு