மூன்று பேருக்கும் ஒரே மார்க்

ஏப்ரல் 20, 1998. திங்கள்.
காலையிலிருந்து புழுக்கம். மாலையில் கோடை மழை. கொடியில் போட்ட துணி முழுக்க நனைந்து, அம்மாவிடம் திட்டு.

மஞ்சுநாத் இன்றும் கல்லூரிக்கு வரவில்லை. அவன் அப்பா இறந்ததிலிருந்து அல்சூரில் அவருடைய சைக்கிள் கடையைப் பார்த்துக்கொள்கிறான். நானும் அவனும் ஷஃபியும் சேர்ந்து செய்யும் கடைசி வருடப் புராஜெக்டுக்குத் தேர்வு அடுத்த திங்கள். நளினி மேடம் என்னையும் ஷஃபியையும் கூப்பிட்டார்.

"மூணு பேர்ல யாரை வேணும்னாலும் கேப்பேன். அவங்க சொல்ற பதிலுக்குத்தான் எல்லாருக்கும் மார்க். வேணும்னா மஞ்சுவை எடுத்துடலாம், ரெண்டு பேரா பண்ணுங்க."

"யோசிச்சு சொல்றோம் மேடம்" என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்தேன். ஃபெயிலானால் கிடைத்திருக்கும் வேலையும் போய்விடும்.

ஏப்ரல் 21. செவ்வாய்.
பஸ்ஸில் இரண்டாம் வருட ஞாபகம். மேடம் பாடமே நடத்தவில்லை. "மழை வந்தா நம்ம கேட் முன்னாடி ஏன் தண்ணி நிக்குது? கண்டுபிடிச்சிட்டு வாங்க." அவ்வளவுதான். எனக்கு அழாத குறை. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவள், வாயே திறக்க மாட்டேன். மஞ்சுதான் சாக்பீஸை என் கையில் திணித்தான். "தமிழ்லயே சொல்லு கலா. எங்களுக்குப் புரியலன்னா இன்னொரு தடவ சொல்லு." ஷஃபி சாக்கடையை அளக்க இறங்கி ஒரு செருப்பைத் தொலைத்தான். மீதி நாள் ஒற்றைச் செருப்போடு. என்ன சிரிப்பு! அப்படி ஒரு வருடம் இனி எங்கே.

மேடத்திடம் சொல்லிவிட்டோம். மூன்று பேர்தான்.

ஏப்ரல் 23. வியாழன்.
சைக்கிள் கடை. எங்களைக் கண்டதும் மஞ்சு தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் வரல. கடைய யார் பாக்கறது? படிப்பெல்லாம் போதும்."

"அரே, டியூப்ப இங்க குடு. நான் ஒட்றேன், நீ படி" என்று ஷஃபி உட்கார்ந்துவிட்டான். அவன் ஒட்டிய இரண்டிலும் உடனே காற்று இறங்கியது. மஞ்சு சிரித்தான். எத்தனை நாளாயிற்று.

நான் தரையில் சாக்பீஸால் ஹாஸ்டல் படம் போட்டேன். மூன்றாம் மாடிக்கு ஏன் தண்ணீர் ஏறவில்லை என்பதுதான் எங்கள் புராஜெக்ட். கணக்கெல்லாம் அவன் தொடங்கி வைத்தது. அவன் இல்லாத நாட்களில் நான் முடித்தது. முதல் முறையாக நான் பாடம் சொல்ல, அவன் கேட்டான். குறுக்கே ஒரு வார்த்தை இல்லை.

அவன் அம்மா உள்ளேயிருந்து, "ஊட்டா ஆய்த்தாம்மா?" சாப்பிட்டாச்சா என்று கன்னடத்தில் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் மூன்று தட்டுச் சித்ரான்னம்.

ஏப்ரல் 25. சனி.
மறுபடி கடை. மஞ்சு இன்னும் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் அவன் அம்மாவே, "சோமவாரம் கடையில நான் உக்காந்துக்கறேன். ஹோகப்பா, பரீட்சைக்குப் போய்ட்டு வா." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும்தான்.

ஏப்ரல் 27. திங்கள்.
வந்துவிட்டான். சட்டை கசங்கல், ஷேவ் இல்லை. மேடம் நேராக அவனைத்தான் கூப்பிட்டார்.

"பெரிய பம்ப் போட்டா தண்ணி வருமா?"

ஷஃபி என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு மஞ்சு மெதுவாகப் போர்டருகே போனான்.

"வராது மேடம். குழாய்க்குள்ள துரு ஏறி வழி சுருங்கிப் போச்சு. பம்ப்போட பலமெல்லாம் உரசல்லயே போயிடுது. மேல போற குழாயத்தான் மாத்தணும்." அப்புறம் கணக்கு முழுவதும், தடங்கலில்லாமல்.

மூன்று பேரும் பாஸ். நல்ல மார்க்.

கேன்டீனில் டீ. மஞ்சு கடைக்குக் கிளம்பினான். பஸ் ஸ்டாப் வரை பேசிக்கொண்டே நடந்தோம். பஸ் வந்தது. பழக்கதோஷத்தில் ஷஃபி, "நாளைக்கு எத்தன மணிக்கு?" என்றான்.

இன்றோடு கல்லூரி முடிந்துவிட்டது. மஞ்சு கையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினான்.