இஸ்திரிக்காரர் அறிந்த சேலை

எவ்வுயிரிலும் உள்நின்று காக்கும் இறைவன் திருவடி தொழுது எழுதுகிறேன்.

அன்பு மகளுக்கு,

தெற்கிலுள்ள இம்மாநகருக்கு மாற்றல் வாங்கலாமா, வாழ ஏற்ற ஊரா என்று கேட்டிருந்தாய். மருத்துவமனை நடக்கும் தொலைவில் இருக்கிறது. பேருந்துக்குக் குறைவில்லை. நம் வீட்டுச் சங்கதியை எவரும் துருவுவதில்லை.

குறையும் அதுவே. சென்ற வாரம் காய் வாங்கச் சென்ற உன் அம்மா, வழி மறந்து பக்கத்துத் தெருவிலேயே மாலைவரை நின்றிருக்கிறாள். கடந்து சென்ற ஒருவருக்கும் அவள் யார் வீட்டவள் என்று தெரியவில்லை. இறுதியில் நம் துணிகளுக்குப் பெட்டி போடும் இஸ்திரிக்காரர்தான் அழைத்து வந்தார்.

"சேலையத்தான் சார் அடையாளம் தெரிஞ்சுது, அம்மாவைத் தெரியல," என்றார்.

மருத்துவர் சொன்னவற்றை நேரில் சொல்கிறேன்.

இன்று காலை அவள் என்னிடம், "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று உபசாரமாகக் கேட்டாள்.

"உன்னைத்தான்," என்றேன்.

"அப்போ உட்காருங்க. எம் பொண்ணு வர்ற நேரந்தான்," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

உன்னை அவள் இன்னும் மறக்கவில்லை, மகளே. மாற்றல் கிடைக்கும்போது கிடைக்கட்டும். நீ முன்னதாக வந்துவிடு.

உன் இல்லத்தில் ஒளி குன்றாதிருக்கவும், மாப்பிள்ளையும் குழந்தைகளும் நீடு வாழவும் இறையருள் துணைநிற்பதாக.

இப்படிக்கு,
உன் அப்பா