இத்தா வீட்டு வாசலில்

கம்பளை,
14 ஜனவரி 1868

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம்.

நானும் பஸீஹா சாச்சியும் நலம். கோப்பி மூட்டை வண்டிகள் ஓயாமல் நம் வாசலைக் கடந்து போகின்றன. எல்லாம் உங்கள் கப்பலின் வயிற்றுக்குத்தானே! இங்கே வண்டிக்குக் கூடாரம் தைக்க ஆள் தேடுகிறார்கள். கப்பல் பாய் தைத்த கைக்கு அது பெரிய வேலையா? இந்தப் பயணம் வேண்டாம், மச்சான்.

ருக்கியா

கேப் டவுன்,
2 ஏப்ரல் 1868

என் கண்ணான ருக்கியாவுக்கு,

உன் கடிதம் கொழும்பிலேயே கிடைத்தது. இறங்கத்தான் மனம் வரவில்லை. ‘எலன் மே’ கப்பலின் ஒவ்வொரு பாயிலும் என் தையல் இருக்கிறது. லண்டனுக்குக் கோப்பியும் தேங்காயெண்ணெயும், திரும்பும்போது இரும்பும் நிலக்கரியும் என்று சுமந்து சுமந்து அது களைத்துவிட்டது. பலகை இடுக்கெல்லாம் கசிவு. நனைந்த கோப்பி உப்பி, மூட்டை வெடித்து, கொட்டைகள் தண்ணீர் இறைக்கும் பம்பை அடைக்கின்றன. கைவிட்டுத் தோண்டுகிறோம். இந்தப் பயணத்தோடு சரி. அல்லாஹ் மேல் ஆணை.

பாரூக்

கம்பளை,
9 செப்டெம்பர் 1868

மச்சான்,

கப்பல் மூழ்கிவிட்டது, எல்லோரும் மௌத்து, ஒருவரும் தப்பவில்லை என்று கொழும்பிலுள்ள கப்பல்காரர் கிட்டங்கியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். சாச்சி எனக்கு வெள்ளை உடுத்தி, கைம்பெண்ணுக்கான இத்தாவில் இருத்திவிட்டார். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்முகம் பார்க்கக் கூடாது. கழுவி அடக்க ஒரு மையித்தையே காணாமல் நான் எப்படி நம்புவது? உங்களோடு சண்டை போட வேண்டும் போலிருக்கிறது. வேறு முகவரி தெரியாமல் கிட்டங்கிக்கே அனுப்புகிறேன்.

ருக்கியா

கம்பளைப் பள்ளிவாசல்,
3 நவம்பர் 1868

ருக்கியா,

கிட்டங்கியில் உன் கடிதத்தை என் கையிலேயே தந்தார்கள். என் மௌத்தை நானே வாசித்தேன். ஓடி வந்து கதவைத் தட்டினால், “இது இத்தா ஊடு, ஆம்புளையாள் வரப்படாது!” என்றார் சாச்சி. “நான்தான் சாச்சி, பாரூக்” என்றேன். “மௌத்தானவன்ட உருவத்துல ஜின்!” என்று அலறித் தாழ்போட்டு, ஜின்னை விரட்ட ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கிவிட்டார்.

புயலில் பம்பு அடைத்துக்கொண்டது. நாங்கள் சிலர் படகில் இறங்கினோம்; பம்பாய்க்குப் போன கப்பல் ஒன்று ஏற்றிக்கொண்டது; அங்கே போய்த்தான் கொழும்புக்குத் திரும்ப முடிந்தது. நான் தைத்த பெரிய பாய் தண்ணீர்மேல் கொஞ்ச நேரம் விரிந்து கிடந்தது. பிறகு அதுவும் போயிற்று. சின்னப் பிள்ளைபோல் அழுதேன், ருக்கியா. இப்போதும் எழுத முடியவில்லை. பாங்கு சொல்லும் மோதினாரின் மனைவியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பாரூக்

அன்றே, வீட்டிலிருந்து

மச்சான்,

சாச்சி இன்னும் ஓதுகிறார். ஜின் இத்தனை எழுத்துப்பிழை விடாது என்று சொல்லிவிட்டேன். வெள்ளையைக் களைந்துவிட்டேன். அழுகை கப்பலுக்கா எனக்கா என்று கேட்கமாட்டேன். கதவு திறந்திருக்கிறது, அழுதுகொண்டே வாருங்கள்.

உங்கள் மனைவி
ருக்கியா