ஸ்பெயின்காரர் கடிதத்தில் ஒரு சொல்

12-10-1964

எங்கள் கம்பெனிக்குப் பனியன் மெஷின் விற்கப் பார்க்கும் ஸ்பெயின்காரரின் கடிதத்தில் ‘வத்திசீனியோ’ என்றொரு சொல் இருந்தது. கோவைப் பாதிரியாரிடம் இரவல் வாங்கிய அகராதியில் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, “அருள்வாக்குங்க. அடுத்த வருசம் பனியனுக்கு நல்ல காலம்னு வந்திருக்குதுங்க” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடிதத்தை இரு கையாலும் வாங்கி முருகன் படத்தடியில் வைத்தார். “ரெண்டு மெஷினுக்கு எழுதிப் போடுங்க” என்றார்.

மாலையில்தான் இரண்டாவது வரியைப் படித்தேன். மழை வரும், தேர்தலில் இன்னார் ஜெயிப்பார் என்று பத்திரிகைக்காரர்கள் கணிப்பதற்கும் அதே சொல்லாம். ரேடியோவில் மழை வரும் என்றால் அதை நாம் அருள்வாக்கு என்போமா? அவர்களுக்கு மட்டும் எப்படி ஒரே சொல் போதுமாகிறது?

உடனே போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அப்படீங்களா? இது சாமி வாக்கா, யாவாரி வாக்கான்னு சாமியவே கேட்டுப்போடலாமுங்க” என்றார்.

நாளைக் காலை கோயிலில் பூக் கேட்கிறோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். சிவப்பு வந்தால் மெஷின் கிடையாது. வெள்ளை வந்தால், அகராதியின் முதல் வரிதான் சரி என்பார் முதலாளி.