திங்கட்கிழமை வரிசை

அன்புள்ள அண்ணா,

இடம் கிடைத்துவிட்டது. மருத்துவ உளவியலில் இரண்டு வருடப் பயிற்சி. அதே உளவியல் பட்டத்தோடு என் வகுப்பில் ஒருத்தி ஒரு நிறுவனத்தில் ஆளெடுக்கும் வேலைக்குப் போனாள். இன்னொருத்தி பள்ளியில் ஆலோசகர். நான் மட்டும் வேறெதுவும் வேண்டாமென்று நுழைவுத் தேர்வை மூன்று முறை எழுதினேன். "முதல் நோயாளி நான்தான்டி, தள்ளுபடி உண்டா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டாய்.

நேர்காணலில் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இந்தப் படிப்பு மேல இவ்வளவு பிடிவாதம்? வீட்டுல யாருக்காவது ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க மேடம். ஆர்வம்தான்."

தண்ணீர் குடித்தேன். அடுத்த கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னேன்.

பயிற்சி எந்த மருத்துவமனையில் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். மாதம் ஒரு திங்கட்கிழமை மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறாயே, அங்கேதான். அந்தப் பேராசிரியைதான் அங்கே மனநலத் துறைத் தலைவர்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிய மருத்துவமனையில் கூட்டமே இல்லையாம். பேருந்தும் நேராகப் போகிறதாம். விசாரித்து வைத்திருக்கிறேன். ஆனால் உன் டாக்டரை நீ மாற்றமாட்டாய். அவரிடம் வாய் திறந்து பேசவே உனக்கு ஒரு வருடம் ஆனது.

அதனால் வேறொன்று கேட்கிறேன். நான் அந்த வழியாகப் போனால், வரிசையிலிருந்து கையை ஆட்டி, வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிக் கத்துவாய். எனக்குத் தெரியும்.

கூப்பிடாதே, அண்ணா.

இதை எழுதத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தங்கை