கடைசி வரிசை, மூன்றாவது நாற்காலி

மார்ச் 3

என் அருமை மருமகள் கேள்விக்குறி அவர்களுக்கு,

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். உன் அம்மா, அதாவது என் அக்கா, கடிதத்தைப் பிரிக்கும் முன்பே நம்பமாட்டாள். எழுதிய நானே இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் நம்பினேன்.

இந்த ஆஸ்பத்திரியின் நான்காம் நம்பர் லிஃப்ட் மூன்று வாரமாக அசையவில்லை. ஆறு மெக்கானிக்குகள் வந்து தலையைச் சொறிந்துவிட்டுப் போனார்கள். நான் மோட்டார் அறைக்கு ஏறிப்போய் ஒரே ஒரு தடவை செருமினேன். தரைத்தளத்திலிருந்து ஒன்பதாம் மாடிக்கு ஓடிவந்து, கதவைத் திறந்து, தலைகுனிந்து நின்றது. தலைமை டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அறுவை சிகிச்சைக்கும் வந்து ஒரு செருமல் செருமிட்டுப் போங்களேன்" என்றார். எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் ஆறு மாசம் இந்த ஊர்தான். மோட்டார் அறையில் போன் எடுக்காது. எடுத்தாலும் உன் அம்மா குறுக்கே பேசி என் கதையைக் கெடுப்பாள். ஆகையால் கடிதம்.

பல்கலைக்கழகத்திலிருந்து உனக்குப் பதில் வந்துவிட்டதாமே. பொறியியல். மூன்று பாடத்திலும் முதல் தரம் வாங்கினால் இடம். நியாயம்தான். அதே பல்கலைக்கழகத்தில் என்னிடமும் மூன்று கேட்டார்கள். நான் நாலு கொடுத்தேன். வைக்க இடமில்லை என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் வம்சத்துக்கு முதல் தரம் ஒரு விஷயமா?

உன் மாமா,
மேலே போவன, கீழே வருவன அனைத்துக்கும் அதிபதி

*

மார்ச் 9

அன்புள்ள மாமா,

லிஃப்டின் உடம்புக்கு இப்போது பரவாயில்லையா? அம்மா உங்கள் கடிதத்தைப் பிரிக்காமலே "பொய்" என்றாள். பிரித்துப் படித்ததும், "இது பெரிய பொய்" என்றாள்.

எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. சுருட்டையை ஞாபகம் இருக்கிறதா? என்னோடு ஒரே பெஞ்சு, ஒரே தெரு. அவளும் அதே படிப்புக்குத்தான் போட்டாள். அவளுக்கும் இடம் தந்திருக்கிறார்கள். ஆனால் அவளுக்கு ஒன்றில் முதல் தரம், மற்ற இரண்டில் இரண்டாம் தரம் போதுமாம். எனக்கு மட்டும் மூன்றும் முதல் தரம். இரண்டு கடிதத்தையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து வரிவரியாகப் பார்த்தோம். அந்த ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை.

சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு அம்மா பொறுமையாகப் பேசினார். வசதி குறைந்த பள்ளியில் படித்து, வளர்த்த வீட்டில் யாரும் பல்கலைக்கழகம் போகாதிருந்தால் தரத்தை இறக்கிக் கேட்பார்களாம். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டுமாம். "உங்க படிவத்துல, வளர்த்தவர்ல ஒருத்தர் பட்டதாரின்னு இருக்கேம்மா" என்றார்.

அது நீங்கள்தான் மாமா. அப்பா போனதிலிருந்து என் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே. பள்ளிக் கணினியில் நானே உட்கார்ந்து பெருமையாக "ஆம்" என்று போட்டேன். இப்போது அவர்கள் பதிவுக்காக உங்கள் துறையும் வருஷமும் கேட்கிறார்கள். அம்மாவிடம் கேட்டால் துணியை மடித்துக்கொண்டே, "அவனையே கேளு" என்கிறாள்.

எந்தத் துறை மாமா? எந்த வருஷம்?

கேள்விக்குறி

*

மார்ச் 15

மருமகளே,

தள்ளுபடியா? நமக்கா? உன் மாமா உயிரோடு இருக்கும்போது நம் வீட்டுப் பெண் இறக்கிக் கேட்ட இடத்தில் போய் உட்காருவதா? சுருட்டை போகட்டும், பாவம், அவளுக்கு என்னைப் போல மாமா இல்லை.

துறை என்றா கேட்டாய்? எந்தத் துறையில் நான் இல்லை என்று கேள். ஒரே நாளில் நாலு துறைக்குள் போய் வந்திருக்கிறேன். வருஷம் பற்றி என்ன சொல்வது, அந்த வருஷத்தையே என்னால்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேராசிரியர்கள் சேர்ந்து ஒரு கேள்வியைத் தூக்கமுடியாமல் தூக்கிவந்து வகுப்பில் வைத்தார்கள். முந்நூறு பேர் வாயடைத்துப் போனார்கள். கடைசி வரிசை, ஜன்னலிலிருந்து மூன்றாவது நாற்காலியிலிருந்து நான் எழுந்து பதில் சொன்னேன். கரும்பலகை வெளுத்துவிட்டது. அந்த நாற்காலியையே எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். தூக்கிவர வண்டி இல்லாததால் அங்கேயே விட்டு வந்தேன்.

இதை அப்படியே அந்த அம்மாவிடம் சொல். துறை கேட்க மறந்துவிடுவார்.

லிஃப்டுக்கு மறுபக்கம் தொங்கும் எதிர் எடை ஒன்றை மாற்ற வேண்டியிருக்கிறது. அவசரம். பிறகு எழுதுகிறேன்.

மாமா

*

மார்ச் 21

அன்புள்ள மாமா,

சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு வேறு வேலை இருக்கும்.

மாதிரித் தேர்வு முடிவு வந்தது. கணக்கில் முதல் தரம். இயற்பியல் தொட்டும் தொடாமலும். வேதியியலில் இரண்டாம் தரம், அதுவும் கடைசி மூச்சில். நிஜத் தேர்வுக்கு ஒன்பது வாரம் இருக்கிறது. நான் தூங்காமல் படித்தாலும் வேதியியல் ஏறாது. எட்டு மாசம் எங்களுக்கு வேதியியல் ஆசிரியரே இல்லை. விளையாட்டு சார் வந்து, "ஆளுக்கு ஒரு பக்கம் வாசிங்க" என்பார். அவரும் எங்களோடு சேர்ந்து ஆச்சரியப்படுவார்.

தள்ளுபடி என்று எழுதியிருந்தீர்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கேட்டேன். இறக்கிக் கொடுத்தது பட்டத்தில் எழுதியிருக்குமா? இருக்காது. வகுப்பில் யாருக்காவது தெரியுமா? நாமாகச் சொன்னால்தான். அப்படிச் சேர்ந்தவர்கள் பிறகு எப்படிப் படிக்கிறார்கள்? "சிலர் திணறுவாங்க, சிலர் திணறமாட்டாங்க. மூணு முதல் தரம் வாங்கி வந்தவங்களும் அப்படித்தான்மா" என்றார். பிறகு அவரே என்னிடம் ஒன்று கேட்டார்: "ஆசிரியர் இல்லாம இரண்டாம் தரம் வாங்கினது எப்படி?" யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை மாமா. சொல்லச் சொல்ல எனக்கே வேடிக்கையாக இருந்தது. நானும் சுருட்டையும் ஒரே புத்தகத்தை இரண்டாகக் கிழித்து, வாரத்துக்கு ஒரு தடவை பாதியை மாற்றிக்கொண்டோம்.

படிவத்தில் தவறு இருந்தால் வளர்த்தவர் கையெழுத்தோடு ஏப்ரல் பத்துக்குள் கடிதம் வர வேண்டும். அதற்குப் பிறகு மாற்றமாட்டார்கள்.

எனக்குக் கோபமில்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் படித்தவர் என்றால் துறையை எழுதுங்கள், நான் மூன்று முதல் தரத்துக்கு முட்டிப்பார்க்கிறேன். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். எப்படி எழுதினாலும் மாமா மாமாதான்.

கேள்விக்குறி

*

ஏப்ரல் 4

மருமகளுக்கு,

அலுவலகத்துக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் கீழே. இது பதினோராவது முயற்சி. முதல் பத்திலும் என்னை அறியாமல் எங்கேயாவது ஒரு பேராசிரியர் வந்து என் காலில் விழுந்துவிடுகிறார்.

"ஐயா / அம்மா, விண்ணப்பதாரர் என் அக்கா மகள். அவள் தந்தை இறந்த பின் அவளை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பல்கலைக்கழகத்தில் படித்ததில்லை. உங்கள் கட்டடங்களில் பதினோரு மாதம் லிஃப்ட் பழுது பார்த்தேன். அவள் சிறுமியாக இருந்தபோது, நான் அங்கே படித்ததாகச் சொன்னேன். அவள் நம்பினாள். நம்பியதைப் படிவத்தில் எழுதினாள். தவறு என்னுடையது. அவள் தாயும் பல்கலைக்கழகம் சென்றவர் அல்ல, சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். இதற்காக அவளைக் குறைத்துப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். படிக்க அரை நிமிஷம் ஆகும். எழுத மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் நாலாம் நம்பர் லிஃப்ட் ஓடவில்லை. இதையாவது நம்பு. உண்மையில் அது இன்னும் சரியாகவே இல்லை.

தள்ளுபடி என்று நான் சொன்னது உன்னைப் பார்த்து அல்ல. மாட்டிக்கொண்டவன் கையில் கிடைத்ததை எறிவான் இல்லையா, அது.

மாமா

*

ஆகஸ்ட் 18

அன்புள்ள மாமா,

முடிவு வந்துவிட்டது. கணக்கில் முதல் தரம். இயற்பியலில் இரண்டாம் தரம். வேதியியலில் இரண்டாம் தரம், இந்தத் தடவை கொஞ்சம் மூச்சு மிச்சம் வைத்து. ஏப்ரலில் அவர்கள் மாற்றி அனுப்பிய கடிதத்தில் கேட்டது அச்சு அசலாக இதுதான். இடம் கிடைத்துவிட்டது. சுருட்டைக்கும்தான். இருவரும் ஒரே அறை கேட்டிருக்கிறோம், இனியாவது ஆளுக்கு ஒரு முழுப் புத்தகத்தோடு.

பழைய வரியே இருந்திருந்தால் நான் இன்று வேறு எங்கேயோ விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பேன்.

உங்கள் நகலை அம்மா இரண்டு தடவை படித்தாள். "இவனுக்கு இவ்வளவு நேரா எழுத வரும்னு எனக்கே தெரியாது" என்றாள். பிறகு அதை மடித்து, என் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் உறைக்குள் வைத்தாள்.

ஆனால் மாமா, எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. என் ஆறு வயதிலிருந்து அந்த வகுப்புக் கதையைக் குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பீர்கள். பேராசிரியர்கள் ஏழு பேராக இருந்தார்கள், ஒன்பதானார்கள், இப்போது பன்னிரண்டு. மாணவர்கள் நூறிலிருந்து முந்நூறானார்கள். ஒரு தடவை யானை கூட வந்தது. எல்லாம் மாறும். நாற்காலி மட்டும் மாறவே மாறாது. கடைசி வரிசை, ஜன்னலிலிருந்து மூன்றாவது.

ஏன்?

கேள்விக்குறி

*

ஆகஸ்ட் 24

என் மருமகள், வருங்காலப் பொறியாளர் அவர்களுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் நான் போட்ட கூத்தில் இந்த ஆஸ்பத்திரியில் பதினேழு நோயாளிகள் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள். நம்ப வேண்டாம். நாலு பேர்தான்.

நீ பிடித்துவிட்டாய். சரி, கேள்.

அந்தப் பதினோரு மாதத்தில் ஒரு நாள், இயற்பியல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது. ஒரு உதிரிப் பாகம் வர மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும். எதிரே ஒரு பெரிய வகுப்பு, கதவு திறந்திருந்தது. கால் வலித்தது. உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு பேராசிரியர், குள்ளமான மனுஷர். எடை பார்க்கும் கருவியின் மேல் நின்றுகொண்டு லிஃப்டில் மேலே போனால் முள் கூடுமா, குறையுமா என்று கேட்டார். கூடும் என்றார்கள் ஒரு பக்கம். மாறாது என்றார்கள் மறுபக்கம். என் வாய் சும்மா இருக்குமா? "கிளம்பும்போது கூடும் சார். நடுவுல நம்ம எடைதான். நிக்கப்போகும்போது குறையும். காலுக்கே தெரியும்" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க எந்த வருஷம்? பார்த்ததில்லையே" என்றார்.

"முதல் நாள் சார்" என்றேன்.

அது பொய்யில்லை. கடைசி நாளும் அதுதான் என்பதை மட்டும் சொல்லவில்லை. "நல்லது, தவறாம வாங்க" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். அரை மணி நேரம் கேட்டேன். அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும், "எங்க மாமா போயிருந்தீங்க?" என்று நீ கேட்டாய். பல்கலைக்கழகத்துக்கு என்றேன். படிக்கவா என்றாய். ஆமாம் என்றேன். மற்றதெல்லாம் அந்த ஆமாமின் மேல் நான் எழுப்பிய மாடிகள்.

நாற்காலியைப் பற்றிக் கேட்டாயே. அதன் எழுதும் பலகை ஆடிக்கொண்டிருந்தது, திருகாணி ஒன்று குறைந்தது. என் பையில் இரும்பு இல்லை, பித்தளைதான் இருந்தது. பாடம் முடிவதற்குள் முடுக்கிவிட்டேன். நாற்காலிகளை மாற்றாமல் இருந்தால் அந்தப் பித்தளைத் திருகாணி இன்னும் அங்கே இருக்கும். முதல் நாள் போனதும் பலகைக்கு அடியில் கையை விட்டுப் பார்.

இருபது தடவை சொன்னதில் அந்த நாற்காலி ஒன்றுதான் உண்மை.

மாமா