முள் ஏறவில்லை

சின்னவளே,

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

கையின் பலம் பார்க்கும் அந்தக் கருவியை நான் அழுத்தியபோது முள் பாதிகூட ஏறவில்லை. "இன்னும் நல்லா அழுத்துங்கம்மா" என்றார் டாக்டர். "அவ்வளவுதான் டாக்டர்" என்றேன். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைத் தூக்கிப் புரட்ட எனக்குத் தெம்பில்லை, முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். கேட்டதும் உன் அண்ணன் அழுதான். அழ எல்லோருக்கும் தெம்பிருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்ததும், ஊரிலிருந்து வந்திருந்த உன்னால் திறக்க முடியாத பாட்டில் மூடியை நான் ஏதோ ஞாபகத்தில் வாங்கித் திருகிக் கொடுத்தேன். நீ என் கையையே பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. இனியும் கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை இல்லத்து வண்டி வருகிறது. அம்மாவுக்குக் கையில் பலமில்லை என்று அப்பாவிடம் நீயே போனில் சொல். நான் சொன்னால், என் கையைப் பிடித்துப் பார்ப்பார்.

அம்மா